ஹோல்டாலுக்குள் சுருட்டிய குடும்பம்

1977-க்கு முன்னால் ரயிலில் மூன்றடுக்குப் பெட்டியில் படுத்துக்கொண்டு போனவர்களுக்குத்தான் ஹோல்டாலின் அருமை தெரியும். படுக்கை என்று டிக்கெட்டில் இருக்கும். உள்ளே போய்ப் பார்த்தால் மொட்டைப் பலகை. அந்த வருடம் ரயில்வே அமைச்சராக வந்த மது தண்டவதே, இரண்டாம் வகுப்புப் பலகைகள்மேல் இரண்டங்குல நுரைமெத்தை போட ஏற்பாடு செய்தார். அது எல்லா வண்டிகளுக்கும் வந்து சேர இன்னும் சில காலம் ஆயிற்று. அதுவரை டெல்லியிலிருந்து மதராஸ் வரை இரண்டு இரவும் முதுகுக்குக் கீழே என்ன இருக்கிறது என்பது வீட்டிலேயே முடிவாகிற விஷயம். எங்கள் வீட்டில் அதை முடிவு செய்தது அம்மா.

ஹோல்டால் என்பது கெட்டியான கித்தானில் தைத்த நீள விரிப்பு. தலைமாட்டிலும் கால்மாட்டிலும் பெரிய பை. ஒன்றில் தலையணைகளைத் திணிக்கலாம். இன்னொன்றில் செருப்பு, குடை, டார்ச், சோப்புப் பெட்டி. நடுவில் பவானி ஜமுக்காளம், அதன்மேல் இரண்டு போர்வை, அதற்கும் மேல் துவைத்து மடித்த பழைய வேட்டிகள். எல்லாவற்றையும் சமமாகப் பரப்பி, ஓரங்களை உள்ளே மடித்து, அப்பா முழங்காலால் அழுத்திக்கொண்டே உருட்டி வருவார். அம்மா தோல்வாரை இழுத்துக் கொக்கியில் மாட்டுவாள். ரயிலில் பலகைமேல் வைத்து வாரை அவிழ்த்து ஒரு தள்ளு தள்ளினால் படுக்கை தயார். ஒவ்வொன்றாக எடுத்து விரிக்கிற வேலையே இல்லை. வீட்டுத் தரையில் பரப்பிய அதே ஒழுங்கில் அது வண்டியிலும் விரியும். எங்கள் வீட்டு அலமாரி வாசனையோடு விரியும். சின்ன வயதில் புது இடத்தில் எனக்குத் தூக்கம் வராது. ஆனால் ஓடுகிற ரயிலில் படுத்ததும் தூங்கிவிடுவேன். காரணம் அந்த வாசனைதான்.

அப்பாவைப் போன்ற மத்திய அரசு ஊழியர்கள் விடுப்பில் சொந்த ஊர் போய்வரப் பயணச் சலுகை 1956-இல் வந்தது. இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை குடும்பத்தோடு போய்வரலாம். டெல்லித் தமிழ்க் குடும்பங்களுக்கு அதுதான் நாள்காட்டி. எந்தக் கல்யாணத்துக்குப் போக முடியும், எந்தக் குழந்தைக்கு ஊர்க்கோயிலில் மொட்டை போட முடியும் என்பதெல்லாம் அந்தச் சலுகையின் கணக்கில்தான் ஓடும். ராமகிருஷ்ணபுரம் குவார்ட்டர்ஸில் எங்கள் வரிசையில் யார் வீட்டில் மே மாதம் ட்ரங்குப் பெட்டி வெயிலில் காய்கிறதோ, அவர்களுக்கு இந்த வருடம் ஊர் உண்டு என்று அர்த்தம்.

காலண்டர் தாளைக் கிழித்துப் பின்பக்கத்தில் அம்மா பட்டியல் எழுத ஆரம்பிப்பாள். எடுத்துப் போகிற சாமான்கள் அதில் பாதிதான். மற்ற பாதி, விட்டுவிட்டுப் போகிற வீட்டுக்கானது. பால் டோக்கனை யாரிடம் தருவது, துளசிக்கு யார் தண்ணீர் ஊற்றுவது, அரிசி டப்பாவில் வேப்பிலை போட்டாயிற்றா, காஸ் சிலிண்டரை மூடியாயிற்றா, சாவி யாரிடம். பக்கத்து வீட்டுப் பஞ்சாபி அம்மாளைப் பெஹன்ஜி என்றுதான் அம்மா கூப்பிடுவாள். சாவி எப்போதும் அவரிடம்தான். ஊருக்கு ஒரு கார்டு: இன்ன தேதி, இன்ன வண்டி, ஸ்டேஷனுக்கு மாட்டுவண்டி அனுப்பவும். திரும்பி வருவதற்கான இடத்துக்கு டெல்லி ஸ்டேஷனிலிருந்தே மதராசுக்குத் தந்தி போகவேண்டும். பதில் வருகிறவரை அப்பா நிம்மதியாகச் சாப்பிடமாட்டார். இப்போது பயணத்துக்கு 60 நாள் முன்னால் காலை எட்டு மணிக்கு முன்பதிவு திறக்கிறது, போனில் விரலை வைத்துக் காத்திருக்கிறோம். பதற்றம் அதேதான். அது எட்டரைக்குள் முடிந்துவிடுகிறது, அவ்வளவுதான்.

பட்டியலில் பெரிய பங்கு சாப்பாட்டுக்கு. ஜி.டி. எக்ஸ்பிரஸ் சாயங்காலம் புது டெல்லியை விட்டால் மதராஸ் சேர மூன்றாம் நாள் காலை. நடுவில் ஐந்து உயிர்களின் பசி. ஸ்டேஷனில் வாங்கலாம்தான், அம்மாவுக்கு அதில் நம்பிக்கை இல்லை, அப்பாவின் சம்பளத்துக்கு அது கட்டுப்படியும் ஆகாது. அதனால் எது முதலில் கெடுமோ அது முதலில் வயிற்றுக்குப் போகவேண்டும் என்ற வரிசையில் சாப்பாடு தயாராகும். வடக்கே மே மாத வெயில். அந்தச் சூட்டில் ஒரு வேளை தப்பினாலும் பொட்டலத்தைத் தூக்கித்தான் எறியவேண்டும்.

முதல் ராத்திரிக்குச் சப்பாத்தி, உருளைக்கிழங்கு. உருளைக்கிழங்கு அடுத்த நாள் தாங்காது. ஆக்ரா வருவதற்குள் முடித்துவிட வேண்டும். மறுநாள் காலைக்கு இட்லி. இட்லி நன்றாக ஆறிய பிறகு இரண்டு பக்கமும் நல்லெண்ணெய் தடவி, மிளகாய்ப்பொடியில் புரட்டி, வாட்டிய வாழையிலையில் நாலு நாலாகக் கட்டுவாள். டெல்லியில் வாழையிலைக்கு அலையவேண்டும். கிடைக்காத வருடம் ஊரிலிருந்து வந்த மந்தார இலைக் கட்டைப் பிரிப்பாள். தேங்காய் எந்த ரூபத்திலும் சேர்க்கமாட்டாள். சட்னி என்ற பேச்சே கிடையாது. மத்தியானத்துக்குப் புளியோதரை. புளிக்காய்ச்சல் முதல்நாளே கொதித்து, ஓரத்தில் எண்ணெய் பிரிந்து, கரண்டியில் எடுத்தால் கட்டியாக விழவேண்டும். சாதத்தைத் தாம்பாளத்தில் பரப்பி விசிறியால் விசிறி ஆறவிட்ட பிறகுதான் கலப்பது. சூட்டோடு கட்டினால் ஆவி தண்ணீராகி இலையில் இறங்கும். ஈரம் பட்ட சாதம் இந்த வெயிலில் சாயங்காலம்வரை தாங்காது.

தயிர்சாதத்தைத் தயிர் விட்டுப் பிசைகிறவர்களைப் பார்த்தால் இன்றும் எனக்குப் பொறுக்காது. பயணத்துக்கு அது ஆகாது. குழைய வடித்த சாதத்தைச் சூட்டிலேயே மசித்து, காய்ச்சிய பாலைத் தாராளமாக விட்டு, கை பொறுக்கிற சூட்டுக்கு வந்த பிறகு ஒரே ஒரு ஸ்பூன் தயிர். வண்டி ஓட ஓட அது உறையும். நாகபுரி வரும்போது புளிப்பு எட்டிப்பார்க்காத தயிர்சாதம் தூக்கில் இருக்கும். கூட நார்த்தங்காய். வண்டியாட்டத்தில் யாருக்காவது குமட்டினாலும் அதே நார்த்தங்காய்தான் மருந்து. இரண்டாம் ராத்திரிக்கு மறுபடி சப்பாத்தி. ஆனால் இது தண்ணீரில் பிசைந்ததில்லை, பாலில் பிசைந்தது. ஒரு நாள் கழித்தும் விறைக்காது. தொட்டுக்கொள்ள மாங்காய்த் தொக்கு. பொட்டலங்கள்மேல் பென்சிலால் எழுதியிருக்கும்: காலை, மத்தியானம், ராத்திரி. தம்பி பேர் எழுதிய பொட்டலம் தனி. அவனுக்குக் காரம் ஆகாது. அவன் இட்லியில் பொடிக்குப் பதில் சர்க்கரை. என்னுடையதில் ஓரம் முறுகிய இட்லியாகப் பார்த்து வைத்திருப்பாள். அத்தனை வேலைக்கு நடுவில் ஒவ்வொருத்தர் நாக்கையும் அவள் நினைவில் வைத்திருந்தாள்.

கடைசியாக, பேர் எழுதாத ஒரு பொட்டலம் இருக்கும். எதிர் பலகையில் யார் வருவார்களோ அவர்களுக்கு. இரண்டு இரவு ஒரே இடத்தில் முழங்கால் இடிக்க உட்காரப்போகிற மனுஷர்கள் முன்னால் நாம் மட்டும் எப்படிச் சாப்பிடுவது என்பாள். ஒரு தடவை போபாலில் இறங்கவேண்டிய ஒரு குடும்பம் எங்கள் புளியோதரையைச் சாப்பிட்டுவிட்டு, இறங்கும்போது ஒரு பாட்டில் நிறைய எலுமிச்சை ஊறுகாயை அம்மா கையில் திணித்துவிட்டுப் போனது. அந்தப் பாட்டிலில் எங்கள் வீட்டில் வெகுகாலம் கடுகு இருந்தது.

தண்ணீருக்கு இரண்டு ஏற்பாடு. திருகுமூடி போட்ட பித்தளைக் கூஜா ஒன்று, தெற்கத்திச் சொத்து. வடக்கத்திச் சொத்து சுராஹி. மரச்சட்டத்துக்குள் உட்காரவைத்த மண்கூஜா, கழுத்து ஒல்லியாக. மண் கசியக் கசியத் தண்ணீர் குளிரும். ஜான்சி தாண்டிப் பகல் ஏற ஏற ஜன்னல் கம்பியைத் தொட முடியாது. அப்பா துண்டை நனைத்து ஜன்னலில் தொங்கவிடுவார், அரைமணியில் காய்ந்துவிடும், மறுபடி நனைப்பார். இடார்சியிலும் நாகபுரியிலும் வண்டி நின்றதும் கூஜாவோடு குழாயடிக்கு அவர் ஓடுவதும், கார்டு விசில் ஊதினதும் எங்கள் நெஞ்சு அடைப்பதும், கடைசி நிமிஷத்தில் அவர் தொற்றி ஏறுவதும், எத்தனை தடவை பார்த்தாலும் பழகவில்லை. ரயில் நீர் பாட்டில் 2003-இல்தான் வந்தது. அந்த நாளில் ஸ்டேஷன் குழாய்த் தண்ணீரை நம்பித்தான் தேசமே பயணம் செய்தது.

மதராசில் இறங்கினால் பாதிப் பயணம்தான் முடிந்திருக்கும். சென்ட்ரலிலிருந்து எழும்பூருக்குப் போய் மீட்டர்கேஜ் வண்டி பிடிக்கவேண்டும். அகலப் பாதை 1676 மில்லிமீட்டர், மீட்டர்கேஜ் ஆயிரம்தான். வண்டியும் அதற்கேற்ற ஒடுக்கம். ஜி.டி.யில் ஸீட்டுக்கடியில் தாராளமாகப் போன பெட்டி இதில் முட்டிக்கொண்டு நிற்கும். ஆகையால் பெட்டி வாங்கும்போதே அம்மா சின்ன வண்டியை மனதில் வைத்துத்தான் வாங்கினாள். உயரம் குறைந்த ட்ரங்குகள் இரண்டு. மூடியில் வெள்ளைப் பெயின்டில் அப்பா பேரும் கும்பகோணமும்.

இந்தப் பாதிக்கு என்று தனியாக ஒரு துணிப்பை. மற்ற எதையும் திறக்காமல் அதை மட்டும் திறந்தால் போதும். அதில் ஆளுக்கு ஒரு செட் கருநீலம், அரக்கு, காப்பிக்கொட்டை நிறத் துணிகள். எழும்பூரிலிருந்து விழுப்புரம் வரை அந்தப் பாதை 1960-களிலேயே மின்சாரமாகிவிட்டது. விழுப்புரத்தில் எஞ்சின் மாற்றுவார்கள். அதற்குப் பிறகு கரி எஞ்சின். ஜன்னலோரம் உட்கார்ந்தவன் கண்ணில் கரித்தூள் விழும்; விடியும்போது தலைமுடி நறநறவென்றிருக்கும். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு ஏறினால் தாத்தா முன்னால் சாம்பல் நிறச் சட்டையோடுதான் போய் நிற்கவேண்டும். அந்தப் பையிலேயே ஒரு ஈரத்துண்டு, சீப்பு, பவுடர், பூ வைக்க ஊசி. மாயவரம் தாண்டினதும் எல்லோர் முகத்தையும் துடைத்து, தலையை வாரி, ஸ்டேஷனில் இறங்கும்போது அப்போதுதான் குளித்துவிட்டு வந்ததுபோல எங்களை நிறுத்துவாள். பல ஊர் மாறிப் போகிறவர்களுக்கு இன்றைக்கும் நான் சொல்வது இதுதான்: கடைசிக் கட்டத்துக்கு வேண்டியதைத் தனிப்பையில் போட்டு மேலாக வையுங்கள். களைத்துப்போன நேரத்தில் ஐந்து பெட்டியைக் குடைய யாருக்கும் பொறுமை இருக்காது.

சின்னச் சின்னச் சாமான்கள் அம்மாவின் உடம்பிலேயே இருந்தன. வளையலில் ஊக்குகள். முந்தானை முடிச்சில் சில்லறை. ரவிக்கைக்குள் மடித்துத் தைத்த துணிப்பர்ஸில் நோட்டுகள். கூடையில் அமிர்தாஞ்சன், ஓமவாட்டர், சுக்கு, ஒரு கத்தி, ஒரு பூட்டு, பெட்டியை ஸீட்டுக்காலோடு பிணைக்கச் சங்கிலி. கூடவே ஒரு பழைய நூல்புடவை. தம்பி கைக்குழந்தையாக இருந்தபோது அதை இரண்டு நடுப்பலகைச் சங்கிலிக்கும் குறுக்கே கட்டித் தூளி போட்டாள். வண்டியே ஆட்டிவிட்டது. அவன் வளர்ந்த பிறகும் அந்தப் புடவை வந்துகொண்டிருந்தது. ஜன்னல் திரையாக, வெயில் தாங்காதபோது நனைத்துப் போர்த்திக்கொள்ள, எழும்பூர் வெயிட்டிங் ரூமில் தரையில் விரிக்க.

போகும்போது பெட்டியில் இருப்பது டெல்லி. காரி பாவ்லியில் வாங்கிய பெருங்காயமும் பாதாமும், தாத்தாவுக்கு ஒரு கம்பளிச் சால்வை, வழியில் ஆக்ராவில் வாங்கிய பேட்டா மிட்டாய். திரும்பும்போது அதே பெட்டியில் கும்பகோணம் ஏறும். பாட்டி ஆடிமாதத்துக்கு முன்னாலேயே வடாம் இட்டு முடித்திருப்பாள். ஜவ்வரிசி வடாம், கூழ்வடாம், மோர்மிளகாய், சுண்டைவற்றல், மணத்தக்காளி வற்றல். வெல்லம் வைக்கோல் சுற்றி. காப்பிப்பொடி இரண்டு தகர டப்பாவில், மூடியைச் சுற்றி மெழுகு. வடாம் நொறுங்காமல் டெல்லி போய்ச்சேர வேண்டுமென்று தலையணை உறைக்குள் பஞ்சோடு சேர்த்து வைத்துத் தைத்துவிடுவாள் பாட்டி. திரும்பும் வழியெல்லாம் எங்கள் தலைக்குக் கீழே வடாம் சலசலக்கும். புரண்டு படுக்காதே, நொறுங்கிவிடும் என்று அம்மா இருட்டில் குரல் கொடுப்பாள்.

புறப்படுகிற அன்று பாட்டி எங்களோடு பேசமாட்டாள். பொட்டலம் கட்டிக்கொண்டே இருப்பாள். அம்மா, "போதும்மா, தூக்க முடியாது" என்பாள். "தூக்கறது உன் ஆம்படையான்தானே, நீ சும்மா இரு" என்று சொல்லிவிட்டு இன்னொன்று கட்டுவாள். மாட்டுவண்டி நகர்ந்த பிறகும் பின்னாலேயே வந்து, மறந்துபோனது என்று ஒரு கட்டு கறிவேப்பிலையை உள்ளே போடுவாள். அது மறந்துபோனதில்லை, அதற்காகவே தனியே எடுத்து வைத்திருப்பாள் என்று இப்போது நினைக்கிறேன்.

இதெல்லாம் போனதற்குக் காரணங்கள் நல்ல காரணங்கள்தான். பலகைக்கு மெத்தை வந்தது. 1993-இல் மூன்றடுக்கு ஏ.சி. பெட்டி வந்து, கம்பளியும் தலையணையும் ரயிலே தர ஆரம்பித்தது. பெட்டிக்குச் சக்கரம் வந்தது; கழுத்து நரம்பு புடைக்க ட்ரங்கு தூக்கிய அப்பாவை நினைத்தால் அந்தச் சக்கரத்தைக் கும்பிடத் தோன்றுகிறது. கரி எஞ்சின் ஒழிந்ததில் எந்தக் கண்ணுக்கும் வருத்தமிருக்காது. போனில் சொன்னால் விஜயவாடாவில் ஸீட்டுக்கே சாப்பாடு வருகிறது. அந்த மொட்டைப் பலகையில் என் பிள்ளைகள் படுக்கவேண்டும் என்று நான் ஒருநாளும் ஆசைப்படமாட்டேன்.

ஆனால் சக்கரப்பெட்டி ஆளுக்கு ஒன்று. என் மகள் அவளுடையதை அவளே அடுக்குகிறாள், மகன் அவனுடையதை. அவர்கள் துணியை அழகாகச் சுருட்டி வைக்கிறார்கள், சார்ஜருக்கு ஒரு பை, மருந்துக்கு ஒரு பை. என்னைவிட நன்றாகவே செய்கிறார்கள். ஒருவர் பெட்டியில் என்ன இருக்கிறது என்று இன்னொருவருக்குத் தெரியாது. தெரியவேண்டிய அவசியமும் இல்லை. யாருடைய பல்துலக்கி எங்கே, யாருக்கு எந்த நேரம் பசிக்கும், யார் ராத்திரி குளிருகிறது என்று எழுந்திருப்பார்கள் என்பதையெல்லாம் ஒரே தலை சுமந்துகொண்டிருந்த காலம் எங்கள் அம்மாவோடு முடிந்தது. அந்தச் சுமையில் அவள் எவ்வளவு களைத்திருப்பாள் என்பது அம்மாவாகி நான் அதைச் செய்தபோதுதான் புரிந்தது. ஜி.டி. புது டெல்லியை விட்டுக் கிளம்பியதும் எங்களுக்கெல்லாம் ஜன்னல். அவளுக்கு அப்போதுதான் ஒரு மாதத்தில் முதல்தடவையாக உட்கார நேரம். ஹஸ்ரத் நிஜாமுதீன் தாண்டுவதற்குள் கூடையில் தலை சாய்த்துத் தூங்கியிருப்பாள். அவளை அப்படித் தூங்கவிட வேண்டும் என்று அப்பா எங்களை விரல்காட்டி அடக்குவார்.

அப்பா ஓய்வு பெற்றபின் அவர்கள் கும்பகோணத்துக்கே வந்துவிட்டார்கள். நான் டெல்லியிலேயே தங்கிவிட்டேன். பிற்பாடு விமானத்தில்தான் போக்குவரத்து. சென்னையிலிருந்து டெல்லிக்கு மூன்று மணி நேரத்துக்குள் போய்விடலாம் என்று அம்மாவுக்கு நன்றாகத் தெரியும். இருந்தாலும் நான் கிளம்புகிற நாள் விடியற்காலையில் அடுக்களையில் விளக்கு எரியும். எண்ணெய் பிரிந்த புளிக்காய்ச்சல் வாசனை கூடத்துக்கு வரும். இதை எங்கேம்மா சாப்பிடுவேன் என்று கேட்டால், "வீட்டுக்குப் போய் அசதியா இருக்கும், அடுப்பு மூட்ட வேண்டாமே" என்பாள். கை நடுங்க ஆரம்பித்த வயதிலும் இலையை அவளேதான் வாட்டினாள். பொட்டலத்துமேல் பென்சிலால் ராத்திரி என்று எழுதியிருக்கும். ஓரம் முறுகிய இட்லி நான்கு தனியாக.

நான் இப்போது என் பிள்ளைகளுக்குக் கட்டித்தருகிறேன். மகன் புளியோதரை வேண்டாம் என்பான், பொடி இட்லியை மட்டும் வாங்கிக்கொள்வான். பரவாயில்லை, அதுவாவது போகட்டும். அம்மா எழுதிய காலண்டர் தாள்களில் ஒன்று என்னிடம் இருக்கிறது. அதைப் பார்த்துத்தான் எல்லாம் செய்கிறேன், வரிசை மாறாமல். செய்து முடித்துப் பெட்டியை மூடும்போது என் பேர் எழுதிய பொட்டலம் மட்டும் அதில் இருப்பதில்லை. எனக்கு இந்த வயதிலும் அது வேண்டியிருக்கிறது.